லேபல் அடிப்பதற்கு முன் நூலை எரித்துப் பாருங்கள்

போன கிழமை ஒரு பிள்ளை மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற என் தையல் பட்டறைக்கு வந்தாள். வயது 23. மருதமுனையில் வாங்கிய கைத்தறித் துணியில் தைத்த பன்னிரண்டு சட்டைகள், கூடவே ஒரு பெட்டி நிறைய லேபல். "100% ஒர்கானிக் கைத்தறி" என்று தங்க எழுத்தில் அடித்து, சட்டைகளிலும் தைத்திருந்தாள். "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். துணியின் ஓரத்தில் ஒரு ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடுகிற நூலை, உருவி நெருப்புக் காட்டினேன். நூல் சுருங்கி, உருகி, கறுப்பு மணி போல இறுகிவிட்டது. பொலியெஸ்டர். அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவள் நான்காவது. ஒருவருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. கைத்தறி என்றால் இயற்கை என்று நால்வரும் நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கைத்தறி என்பது நெய்கிற முறை. தறிக்கு மின்சாரம் வேண்டாம், ஒரு குடும்பத்துக்கு ஊரிலேயே வேலை கிடைக்கிறது. இவை பெரிய விடயங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தறியில் என்ன நூல் ஏறுகிறது என்பது வேறு கேள்வி. பருத்தியும் ஏறும், மரக்கூழில் இருந்து எடுக்கிற விஸ்கோஸும் ஏறும், பொலியெஸ்டரும் ஏறும். நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் பருத்தியாகவும் ஊடை வேறாகவும் இருக்கலாம். நம் நாட்டில் கைத்தறிக்குத் தேவையான அளவு பருத்தி விளைவதில்லை. நூலில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெய்கிறவர்கள் கட்டுப்படியான விலையில் எந்த நூல் கிடைக்கிறதோ அதை வாங்கி நெய்கிறார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். இந்தப் பிள்ளை கேட்கவே இல்லை. நிறம் பிடித்திருந்தது, வாங்கிவிட்டாள்.

சரி, பருத்திதான் என்று தெரிந்துவிட்டது, இனி ஒர்கானிக் என்று போடலாமா? போடக் கூடாது. ஒர்கானிக் என்பது அந்தப் பருத்தி வயலில் எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. சாதாரணப் பருத்தியும் ஒர்கானிக் பருத்தியும் நெருப்பில் ஒரே மாதிரித்தான் எரியும். தொட்டும் தெரியாது, மணந்தும் தெரியாது. சான்றிதழ் ஒன்றுதான் சாட்சி. ஒர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரமான ஜி.ஓ.டி.எஸ்ஸில் (GOTS) "ஒர்கானிக்" என்று போட, நாரில் குறைந்தது 95% சான்று பெற்ற ஒர்கானிக் நாராக இருக்க வேண்டும். அதோடு நூற்பு, நெசவு, சாயம், தையல் என்று ஒவ்வொரு படியும் சான்று பெற்றிருக்க வேண்டும். சான்றுள்ள நூலை வாங்கினேன் என்பதற்காக அந்த முத்திரையை நம் சட்டையில் தைக்க முடியாது. இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. "பேஸ்புக்கில் எல்லாரும் போடுகிறார்களே" என்கிறார்கள். அவர்கள் போடுவதும் பிழைதான்.

நெருப்பு வைத்துப் பார்க்கிறவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். பருத்தி காகிதம் எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். விஸ்கோஸும் அப்படியேதான் எரியும். அதனால் நூலின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இழுத்துப் பாருங்கள். நனைந்த இடத்தில் சுலபமாக அறுந்தால் விஸ்கோஸாக இருக்கும். பருத்தி நனைந்தால் பலம் கூடும். பாவு, ஊடை இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மூங்கில் துணி என்று விற்பதும் பெரும்பாலும் மூங்கில் கூழை இரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான்.

அடுத்தது இயற்கைச் சாயம். மஞ்சளில் தோய்த்த துணி வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும், வாங்கினவர் திருப்பிக் கொண்டு வருவார். நிறம் நிற்க வேண்டும் என்று சிலர் மயில்துத்தம் போடுகிறார்கள். அதில் இருப்பது செம்பு, மீனுக்கு நஞ்சு. அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றினால் எங்கே போகும்? நம் வாவிக்குத்தான். தயவுசெய்து செய்யாதீர்கள். படிகாரம் போதும்.

எனக்கு உண்மையிலேயே மனம் நோகிற இடம் நெசவாளரின் கூலி. மருதமுனையில் ஒருவரிடம் பல வருடமாகத் துணி எடுக்கிறேன், காக்கா (அண்ணா) என்றுதான் கூப்பிடுவேன். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் அவரிடம் ஐந்து நிறத்தில் சாம்பிள் நெய்விக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், "வித்ததும் காசு தாறம்" என்று போய்விடுகிறார்கள். நூலுக்குக் கொடுத்த காசு அவருடையது. பாவு ஓட்டியது அவருடைய மனைவி. நிறம் மாற்றிப் பாவு ஓட்டினால் தறி அத்தனை நாள் சும்மா கிடக்கும், அந்த நாளுக்கும் கூலி இல்லை. நிலைத்து நிற்கும் ஆடை (sustainable fashion) என்று பேசுகிறவர்கள் முதலில் நூல் காசை முன்பணமாகக் கொடுங்கள். சாம்பிளுக்கும் கூலி கொடுங்கள். கையில் காசு குறைவென்றால் ஐந்து நிறம் வேண்டாம், ஒரு பாவில் ஒரு நிறம் போதும். கொழும்பில் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபுட் என்ற கைத்தறி நிறுவனம் இன்றும் நிற்கிறது என்றால், கைத்தறியையே அடித்தளமாக வைத்துப் பொறுமையாக வளர்ந்ததும் ஒரு காரணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை கழுவிக் காயவையுங்கள், பருத்தி சுருங்கும். விலை போடும்போது உங்கள் உழைப்பையும் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் பிராண்ட் பெயர் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. வியாபாரக் குறியைக் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும், அது 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பிரான்ஸ், ஜெர்மனியில் உள்ள நம்மவர்களுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். ஆதாரம் இல்லாமல் "சூழலுக்கு உகந்தது" என்று பொதுப்படையாகப் போடுவதைத் தடுக்கிற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2026 செப்டம்பர் 27 தொடக்கம் நடைமுறையில். இங்கேயும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவது குற்றம்.

அந்தப் பிள்ளையும் நானும் அன்று பின்னேரம் உட்கார்ந்து பழைய லேபல்களைப் பன்னிரண்டு சட்டைகளில் இருந்தும் பிரித்தெடுத்தோம். புதிய லேபலுக்கு அவளே எழுதிய வரி: "மருதமுனைக் கைத்தறி. பாவு பருத்தி, ஊடை பொலியெஸ்டர். மட்டக்களப்பில் தைத்தது." அடுத்த துணிக்குப் பருத்தி நூலை நாங்கள் இருவரும் சேர்ந்து போய் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அச்சகத்துக்குப் போவதற்கு முன் ஒரு முழத் துணியோடு யாரிடமாவது வாருங்கள், என்னிடம் வந்தாலும் சரி. பார்த்துச் சொல்ல காசு வேண்டாம்.