கப்பலில் ஏறும் விமானி

அமெரிக்காவின் கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் இடத்தைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தில், திரையின் அடியில் தமிழ் வரி இப்படி ஓடியது: ‘மதுக்கூட விமானி கப்பலில் ஏறுகிறார்.’ மூலத்தில் இருந்தது ‘பார் பைலட்’. மதுக்கூடத்தைக்கூடச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம், அது அவசரப் பிழை. விமானியை மன்னிக்க முடியவில்லை. கப்பல் செய்தி எதுவானாலும் பைலட் என்று கண்டதும் விமானி என்று எழுதிவிடுவது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது.

பைலட் கடல் சொல், கப்பலுக்கு வழி சொல்பவர் என்று பொருள். துடுப்பையும் சுக்கானையும் குறித்த ‘பேடோன்’ என்ற கிரேக்கச் சொல்லில் தொடங்கி, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகாயத்துக்குப் போனது வெகு காலம் கழித்துத்தான். ‘பார்’ என்பது ஆற்று வாயில் படியும் மணல் திட்டு. சொல் வரலாறு இவ்வளவுதான்.

ஆரகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் திட்டுக்குப் ‘பசிபிக்கின் கல்லறை’ என்று பெயர். ஆற்றின் வேகமும் எதிரே வரும் கடல் அலையும் அங்கே முட்டிக்கொள்கின்றன. சிறிதும் பெரிதுமாகச் சுமார் 2,000 கலங்கள் அந்தப் பகுதியில் அழிந்ததாகச் சொல்வார்கள். 1811இல் ‘டொன்குவின்’ கப்பல் உள்ளே போக வழி தேடிப் படகுகளை அனுப்பியதில் எட்டுப் பேர் செத்தார்கள். 1906 அக்டோபரில் ‘பீட்டர் ஐர்டேல்’ என்ற நான்கு பாய்மரக் கப்பல் பைலட்டுக்காகக் காத்திருந்தபோதே காற்றில் அடித்துவரப்பட்டுக் கரையில் ஏறியது. ஆட்கள் தப்பினார்கள். கப்பலின் எஃகுக் கூடு இன்றும் கடற்கரை மணலில் நிற்கிறது.

ஆகவே அந்தத் திட்டைக் கடக்க உள்ளூர் நீரோட்டம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் சிறு படகில் வந்து, ஆடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்து ஏறுவார். சில நாள் ஹெலிகாப்டரில் வந்து கம்பியில் தொங்கி இறங்குவார். இதைப் போய் ‘விமானி ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் இறங்கினார்’ என்று எழுதினால் என்ன ஆகும்? ஹெலிகாப்டரை யார் ஓட்டுகிறார்கள் என்று வாசகர் பதறமாட்டாரா? இன்னொன்று: அங்கே வாழ்ந்த சினூக் பழங்குடித் தலைவர் கான்காம்லி வெள்ளையர் கப்பல்களுக்கு அங்கே வழிகாட்டியவர். அவரை முதல் பார் பைலட் என்பார்கள். 1830 வாக்கில் இறந்துபோனவர் அவர். ரைட் சகோதரர்களுக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே ஒரு விமானி!

சரி, விமானி வேண்டாம். ‘மாலுமி’ என்று போடலாமே என்பார்கள். அரபியின் ‘முஅல்லிம்’தான் மாலுமியானது. ஒரு காலத்தில் அது கப்பலுக்கு வழி தெரிந்தவரையே குறித்தது. இப்போது கப்பலில் சமைப்பவர் முதல் தளம் கழுவுபவர் வரை எல்லோரும் மாலுமிகள். தேய்ந்துபோன சொல்லைத் திரும்பக் கூர்தீட்ட முடியாது. ‘துறைமுக வழிகாட்டி’ என்பது கொஞ்சம் மரியாதையான பிழை. அந்தத் திட்டில் துறைமுகமே இல்லை. உள்ளே வரும் கப்பலை பார் பைலட் அஸ்டோரியா அருகே ஆற்று பைலட்டிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிவிடுவார். போர்ட்லண்டுக்குக் கொண்டுபோவது அந்த இரண்டாமவர். இருவரையும் துறைமுக வழிகாட்டி என்றால் யார் எங்கே இறங்கினார் என்பதே குழம்பும். தவிர, வழிகாட்டி என்றாலே சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் குடை பிடித்து நடப்பவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

‘மீகாமன்’ நல்ல சொல்தான், ஆனால் அதைக் கப்பல் தலைவருக்குக் கொடுத்துவிட்டோம். பைலட் ஏறினாலும் கப்பல் தலைவரின் பொறுப்பு போய்விடுவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சொல் ஆகாது.

மிச்சம் இருப்பது ‘நீகான்’. அகநானூறு 255ஆம் பாட்டில் வருகிறார். மணல் உயர்ந்த அகன்ற துறையில், மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் திசையறிந்து வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துகிறார். மணலும் துறையும் விளக்கும் அந்த வரிகளிலேயே இருக்கும்போது வேறென்ன வேண்டும்? பாலி மொழியின் ‘நிய்யாமக’வோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஈராயிரம் ஆண்டு இங்கே குடியிருந்த சொல்லிடம் யாரும் கடவுச்சீட்டு கேட்க வேண்டாம். திட்டு இருக்கும் ஆற்று வாய்க்கு ‘முகத்துவாரம்’ என்பேன். அது வடமொழி என்று முகம் சுளிப்பவர்களுக்கும் அதே பதில்தான். மீனவர் முதல் செய்தித்தாள் வரை எல்லோருக்கும் அது புரிகிறது.

ஆக, பார் பைலட் முகத்துவார நீகான், அப்புறம் வருபவர் ஆற்று நீகான், அவர்கள் வரும் படகு நீகான் படகு. இது பழசாகத் தோன்றினால் பைலட் என்றே எழுதிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. அகராதியில் முதலில் தென்படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த ஆள் கடலில் நிற்கிறாரா வானில் பறக்கிறாரா என்றுகூடப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்களோடுதான் எனக்குச் சண்டை.