வலிப்புக் குளிசை எடுக்கிற பெண் பிள்ளையளுக்கு, கலியாணத்துக்கு முதல்

சோடியம் வல்ப்ரோயேட் எண்டது வலிப்புக்குக் குடுக்கிற பழைய மருந்து, மனநிலை அளவுக்கு மிஞ்சி ஏறி இறங்குற பைபோலார் வருத்தத்துக்கும் சில பேருக்கு மைக்ரேன் தலையிடிக்கும் எழுதுவினம். வெள்ளவத்தையில பார்மசி கவுண்டரில நிக்கிற நான் அடிக்கடி எடுத்துக் குடுக்கிற மருந்து. நல்ல மருந்துதான், அதில கதையே இல்ல. ஆனா பிள்ளை பெறுற வயசில இருக்கிற ஆக்கள் எடுத்தா ஒரு விஷயம் கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும், அது விளங்க கொஞ்சம் உடம்பின்ர செல்லுக்குள்ள போகோணும்.

எங்கட ஒரு செல்லில இருக்கிற டிஎன்ஏயை நீட்டினா கிட்டத்தட்ட 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கிற, செல்லுக்குள்ள இருக்கிற நியூக்ளியஸ் எண்ட உருண்டையோ ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா அதில ஆறு பங்கு அளவு. அடக்கி வைக்கிறது ஹிஸ்டோன் எண்ட புரதம், 1884ல அல்பிரெக்ட் கோசல் எண்டவர் வாத்து ரத்தத்தில இருந்து பிரிச்செடுத்தது. நாலு வகை, வகைக்கு ரெண்டெண்டு எட்டு ஹிஸ்டோன் சேர்ந்து ஒரு நூல்கட்டை மாதிரி நிக்கும், அதில 147 பேஸ் சோடி (டிஎன்ஏ ஏணியின்ர படியள்) நீளத்துக்கு டிஎன்ஏ ஒண்டரைச் சுத்துக்கு மேல சுத்தியிருக்கும். டிஎன்ஏக்கு நெகட்டிவ் சார்ஜ், ஹிஸ்டோனுக்கு பொசிட்டிவ், அதால நல்லா ஒட்டிப் பிடிக்கும்.

இது வெறும் இடத்தை மிச்சம் பிடிக்கிற வேலை இல்ல. இறுக்கிச் சுத்தின இடத்தில இருக்கிற ஜீனை, அதாவது செல்லுக்குக் கட்டளை எழுதியிருக்கிற டிஎன்ஏ பகுதியை, செல்லால வாசிக்கேலாது. ஹிஸ்டோனில நீட்டிக்கொண்டு நிக்கிற வாலில அசிட்டைல் எண்ட சின்ன இரசாயனத் துண்டு ஒட்டினா பொசிட்டிவ் சார்ஜ் குறைஞ்சு பிடி தளரும், ஜீன் வேலை செய்யத் தொடங்கும், பிறகு அந்த அசிட்டைலைக் கழட்டுறதுக்கெண்டே டிஅசிட்டிலேஸ் எண்டு ஒரு என்சைம் இருக்கு. ஈரலும் மூளையும் ஒரே டிஎன்ஏயை வச்சுக்கொண்டு வேற வேற உறுப்பா வளர்றதில இந்தத் திறக்கிற மூடுற வேலைக்குப் பெரிய பங்கு.

வல்ப்ரோயேட் அந்தக் கழட்டுற என்சைமைத் தடுக்குது, 2001ல கண்டுபிடிச்சவை. கரு வளரேக்க மூடவேண்டிய ஜீன் திறந்து கிடக்கும். பாதிப்புக்கு இது ஒண்டுதான் காரணமெண்டில்ல, ஆனா கூடச் சந்தேகப்படுறது இதைத்தான். கர்ப்பத்தில இதை எடுத்த ஆக்களின்ர பிள்ளையள் 10 பேரில ஒருத்தருக்கு முள்ளந்தண்டு, இருதயம், அண்ணம் எண்டு ஏதாவது பிறவிக்குறை வருது. 10ல மூண்டு நாலு பேருக்கு பேச்சிலயோ படிப்பிலயோ நடத்தையிலயோ பிரச்சினை. டோஸ் கூடினா ஆபத்தும் கூடும். முள்ளந்தண்டுக் குழாய் மூடுறது கரு தங்கி நாலு கிழமைக்குள்ள, அப்ப கன பேருக்கு தான் கர்ப்பமெண்டே தெரியாது.

ஒரு அன்ரி மகளுக்கு இந்தக் குளிசை எடுக்க வந்தவ. டொக்டர் எழுதின மருந்துத் துண்டை மடிச்சு உள்ளங்கைக்குள்ள வச்சுக்கொண்டு, பின்னால நிக்கிற ஆக்களை ஒருக்காப் பாத்திட்டு, "பிள்ளை, பெட்டி வேண்டாம், அட்டையை மட்டும் பேப்பரில சுத்தித் தாங்கோ, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது" எண்டா. டொக்டருக்குச் சொன்னீங்களோ எண்டு கேட்டன். "கலியாணத்தை ஏன் அவருக்குச் சொல்லுவான்?" எண்டா. அவவில பிழை சொல்ல மனம் வரேல்ல, வலிப்பெண்டா எங்கட சனம் என்ன கதைக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஆனா கர்ப்பத்தைப் பற்றின எச்சரிக்கை இருக்கிறதே அந்தப் பெட்டியிலயும் உள்ள இருக்கிற தாளிலயும்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுறது உங்கட விருப்பம், டொக்டருக்கு மறைக்காதேங்கோ. கலியாணம் பேசத் தொடங்கேக்கயே சொன்னா லமோட்ரிஜின், லெவெட்டிரசிட்டாம் மாதிரி வேற மருந்துக்கு மெல்ல மெல்ல மாத்தலாமோ எண்டு பாப்பினம், கூடின டோஸ் போலிக் அசிட் எண்ட விற்றமினும் முன்கூட்டியே தொடங்குவினம். சில பேருக்கு வேற மருந்து சரிவராது, அதையும் இருந்து கதைச்சுத்தான் முடிவெடுக்கோணும்.

இதை வாசிச்சிட்டு பயத்தில குளிசையை டக்கெண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ. அப்பிடி நிப்பாட்டினா விடாம வலிப்பு வந்து தாய்க்கே உயிராபத்து. ஏற்கெனவே கர்ப்பமெண்டா குளிசையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு அண்டைக்கே உங்கட நியூரோ கிளினிக்குக்கு கோல் எடுங்கோ, அடுத்த கிளினிக் திகதி மட்டும் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.