பைதான் ஓடவில்லையா? எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

"புரோகிராம் எழுதிட்டேன், ஓட மாட்டேங்குது" என்று மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டும் திரைகளில் பாதிக்கு மேல், பைதான் மொழியில் எழுதிய அந்தப் புரோகிராமில் தப்பே இருக்காது. படகு பாம்பனில் கட்டிக் கிடக்க, தொண்டிக் கரையில் நின்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? கட்டளைகளை டைப் செய்யும் கறுப்பு விண்டோவான கமாண்ட் லைனும் தான் நிற்கும் ஃபோல்டரில் மட்டும்தான் ஃபைலைத் தேடும்.

நிற்கிற இடம் எது என்பதை > குறிக்கு முன்னால் உள்ள வரியே சொல்லிவிடும். அதைப் படிக்காமலே டைப் செய்வதுதான் முதல் கோளாறு. விண்டோஸில் சுலபமான வழி ஒன்று: ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையைச் சொடுக்கி, சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். அந்த ஃபோல்டரிலேயே கறுப்பு விண்டோ திறக்கும். ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையில் போவதானால், பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டரை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். டி டிரைவுக்குப் போக முதலில் டி: என்று அடிக்க வேண்டும், வெறும் சிடி மட்டும் டிரைவை மாற்றாது. டெஸ்க்டாப்பில் சேமித்த ஃபைல் காணவில்லையென்றால் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பாருங்கள். பல லேப்டாப்களில் டெஸ்க்டாப்பே அங்கேதான் இருக்கும்.

சரியான இடத்தில் நின்று, பைதான் நண்டு.பிஒய் என்பதுபோல் அடித்தும் 'எர்நோ 2' (ஃபைல் கிடைக்கவில்லை) பிழை வருகிறதா? டிர் (டி, ஐ, ஆர்) என்று அடித்து, அந்த ஃபோல்டரின் ஃபைல் பட்டியலைப் பாருங்கள். நோட்பேடில் சேமித்த நண்டு.பிஒய் பெரும்பாலும் நண்டு.பிஒய்.டிஎக்ஸ்டி என்று கிடக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. சேமிக்கும்போது ஃபைல் வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பைதான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தால், பைதானை இன்னும் நிறுவவில்லை. அல்லது நிறுவும்போது முதல் திரையின் அடியில் உள்ள 'பாத்' கட்டத்தில் (பைதான் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லும் பாதை) டிக் போடவில்லை. நிறுவி முடித்ததும் பழைய கறுப்பு விண்டோவை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். பழையது புதுப் பாதையை அறியாது. பைதானுக்குப் பதில் பி, ஒய் என்ற இரண்டெழுத்தை அடித்தும் பாருங்கள், பல நேரம் ஓடிவிடும். லினக்ஸ் லேப்டாப் என்றால் பைதான்3. அங்கே ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் உண்டு.

திரையில் >>> வந்து நிற்கும்போது ஃபைல் பெயரை அடித்தால் பிழைதான் வரும். அது பைதானின் உள்ளறை, பைதான் மொழி வரிகளை மட்டுமே ஏற்கும். எக்ஸிட்() அடித்து வெளியே வந்தபின் ஓட்டுங்கள்.

ஓடிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கூடை நண்டின் எடையைக் கேட்டுக் கூட்டும் புரோகிராம் என்று வையுங்கள். 12, 8 என்று கொடுத்தால் 128 கிலோ என்று காட்டும்! ஏலக்காரர் வேண்டுமானால் சந்தோஷப்படுவார். நாம் அடிப்பதைப் பைதானின் இன்புட் வாங்குவது எண்ணாக அல்ல, எழுத்தாக. எழுத்தோடு எழுத்தை ஒட்டிவிடுகிறது. முழு எண்ணாக மாற்றும் இன்ட் போட்டால் 20 வரும், ஆனால் யாராவது 12.5 என்று அடித்ததும் 'வேல்யூ எரர்' வந்து விழும். எடைக்குத் தசமத்தையும் ஏற்கும் ஃப்ளோட்தான் சரி. பிழைச் செய்தி எவ்வளவு நீளமானாலும் கடைசி வரியை முதலில் படியுங்கள். காரணம் அங்கே இருக்கும், வரி எண் அதற்குச் சற்று மேலே இருக்கும். வேர்டில் அடித்த புரோகிராமை ஒட்டாதீர்கள், அதன் வளைந்த மேற்கோள் குறியைப் பைதான் ஏற்காது. நிற்காமல் ஓடும் புரோகிராமை கன்ட்ரோல்-சி நிறுத்தும்.

இந்த விண்டோ பழகியவர்களைக் குறிவைக்கும் மோசடியும் இருக்கிறது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் அழுத்தி, கன்ட்ரோல்-வி போட்டு, என்டர் தட்டச் சொல்லும். அப்போது ஒட்டப்படுவது, உங்கள் கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருளை இறக்கும் கட்டளையாக இருக்கலாம். எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது. வாட்ஸப்பில் வரும் கட்டளையையும் ஒவ்வொரு சொல்லாகப் புரியாமல் ஒட்டாதீர்கள். டெல் கட்டளையில் அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பாடம் படிக்கக் கறுப்பு விண்டோவை அட்மினிஸ்ட்ரேட்டராக (முழு அதிகாரத்தோடு) திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. யாராவது அப்படித் திறக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.