மாடுலர்: தொகுதியா, மட்டா?

பாதுகாப்புத் துறை மின்னணுவியலில் அடிக்கடி அடிபடும் 'மாடுலர் ஓப்பன் ஸ்டாண்டர்டு' (கழற்றி மாற்றத்தக்க உறுப்புகளுக்கு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்ட விதிமுறை) என்ற தொடரைத் தமிழில் எழுத நேர்ந்தால், 'தொகுதி' என்றோ 'பகுதிவாரி' என்றோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தொகுதி என்றதும் வடசென்னைக்காரருக்கு ராயபுரமும் ஆர்.கே. நகரும்தான் நினைவுக்கு வரும். பகுதிவாரி என்பதோ ஒன்று துண்டாக்கப்பட்டதைச் சொல்கிறதே தவிர, துண்டுகள் மீண்டும் எப்படிச் சேர்கின்றன என்பதைச் சொல்வதில்லை.

இலத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. 'மோடுலுஸ்' என்றால் சிற்றளவு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தூணின் தடிமனிலிருந்து எடுத்த ஓர் அளவுக்கு இப்பெயரை இட்டு, கோயிலின் மற்ற உறுப்புகளை அதைக் கொண்டே கணக்கிட்டார். நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் தாலமாகக் கொண்டு திருமேனியை அளப்பதும் இதே வழிதான். ஆகவே மாடுலர் என்ற சொல்லின் வேரில் இருப்பது பிரிவினை அன்று, அளவு. தமிழில் அதற்கு 'மட்டு' என்ற சொல் தயாராக இருக்கிறது. மட்டில்லா மகிழ்ச்சி என்கிறோம், மட்டுப்படுத்து என்கிறோம். கலப்பெண்ணின் மாடுலஸைப் பள்ளிக் கணக்குப் புத்தகமும் மட்டு என்றே வழங்குகிறது. பழைய இலக்கியத்தில் மட்டு கள்ளையும் குறிக்கும். அந்தப் பொருளை இங்கே விட்டுவிடலாம்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்தால் மட்டு என்பது விளங்கும். கன்டெய்னர் எந்தக் கப்பல் நிறுவனத்துடையதாயினும், டிரெய்லர் எந்த முதலாளியுடையதாயினும், மூலைத் துளையில் நுழைந்த பூட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் பெட்டி அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே இருப்பது என்ன சரக்கு என்று அந்தப் பூட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. கன்டெய்னரின் புற அளவுகளைப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 1968-லேயே வரையறுத்து வெளியிட்டதால் வந்த வசதி இது.

போர்க்கப்பலிலும் கவச வண்டியிலும் உள்ள கணினிப் பெட்டிக்கும் இதே தேவை உண்டு. கப்பல் முப்பது ஆண்டுகள் ஓடும். அதிலுள்ள செயலியோ சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அப்போது பெட்டி முழுவதையும் ஒரே நிறுவனத்திடம் மறுபடி வாங்காமல், ஒரு மின்சுற்று அட்டையை மட்டும் உருவிவிட்டு வேறொருவர் செய்த அட்டையைச் செருக முடிய வேண்டும். அட்டைகளைப் பொதுவான மின்பாதையால் இணைக்கும் தரமாக 1981-இல் வந்த விஎம்இ பஸ் இதற்கு வழி திறந்தது. அதன் வழியில் பின்னர் வந்த விபிஎக்ஸ் தரத்தில் 3யு எனப்படும் சிறிய அளவு அட்டையின் உயரம் 100 மி.மீ., ஆழம் 160 மி.மீ. ஓரத்திலுள்ள திருகை முறுக்கினால் ஆப்புகள் விரிந்து அட்டையைச் சட்டத்தோடு இறுக்கும். அதிர்வைத் தாங்குவதும், விசிறியில்லாமலே வெப்பத்தை உலோகச் சட்டத்துக்குக் கடத்துவதும் அந்த ஆப்புதான். சென்னைப் பேச்சில் ஆப்பு வாங்கிய பெயருக்கு இது ஒரு பிராயச்சித்தம்.

ஆனால் துளையில் பொருந்தினால் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. தொடக்க கால விபிஎக்ஸில் இணைப்பியின் எந்த ஊசியில் எந்தச் சமிக்ஞை என்பதில் தாராளம் அதிகமாக இருந்ததால், இரு நிறுவனங்களின் அட்டைகள் ஒரே பெட்டியில் அமர்ந்தும் ஒன்றோடொன்று பேசவில்லை. அதைக் கட்டுக்குள் கொண்டுவர 2010-இல் ஓப்பன்விபிஎக்ஸ் என்ற விதித்தொகுப்பு ஏற்கப்பட்டது. ரேடார் போன்ற உணர்விக் கருவிகளுக்கான சோசா தரத்தின் முதல் பதிப்பு 2021-இல் வெளிவந்து, தெரிவுகளை இன்னும் சுருக்கியது. மட்டு என்பது மில்லிமீட்டர் மட்டுமல்ல, மின் இணைப்பின் ஒழுங்கும் அதற்குள் அடங்கும்.

'ஓப்பன்' என்பதைத் 'திறந்த' என்றே சொல்லலாம். ஆனால் இராணுவ ரகசியம் திறந்து கிடக்கிறது என்று பொருளாகாது. அட்டை வெளியுலகைத் தொடும் விளிம்பின் விவரம் வெளியிடப்பட்டிருக்கும். உள்ளே ஓடும் நிரல் மூடியே இருக்கும். 'ஸ்டாண்டர்டு' என்பதற்குத் தரம் என்று எழுதும் பழக்கம் எனக்கும் உண்டு, மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆயினும் தரம் என்றால் நயம், மட்டம் என்ற நினைப்பே முந்துவதால் கலைச்சொல்லாகச் 'சீர்தரம்' நல்லது. மாடுலுக்கு 'மட்டுக்கூறு', மாடுலருக்கு 'மட்டுமுறை', முழுத் தொடருக்கு 'மட்டுமுறைத் திறந்த சீர்தரம்' என்று எழுதலாம். வெறும் 'மட்டு' என்று நிறுத்தினால் 'மட்டும்' என்ற இடைச்சொல்லோடு கண் குழம்பும் என்பதால்தான் 'கூறு', 'முறை' என்ற வால்கள்.