கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஃபோம் வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது மெத்தை. கேம்பர் வேனின் (படுக்கை போட்டுத் தங்கிப் பயணம் போகும் வண்டி) பின்கதவைத் திறந்து உறையின் ஜிப்பை இழுத்தால், இடுப்பு படும் இடத்தில் ஃபோம் தாம்பாளம் போலக் குழிந்து கிடக்கிறது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "அழுத்திப் பார்த்தேன், நல்ல கெட்டியா இருந்துச்சு, ஹை டென்சிட்டின்னு நினைச்சு வாங்கினேன்" என்கிறார் வேன்காரர். முதல் மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள்.

கெட்டி வேறு, டென்சிட்டி வேறு. எத்தனை முறை சொன்னாலும் இது யார் மண்டையிலும் ஏறுவதில்லை. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்பதுதான் டென்சிட்டி. ஃபோம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு அது அடையாளம். அழுத்தினால் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது கெட்டித்தன்மை. கலவையை மாற்றி அதைத் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அதனால் 50 டென்சிட்டியில் மெத்மெத்தென்ற ஃபோமும் உண்டு, 20 டென்சிட்டியில் விரலுக்குக் கல் போலத் தெரியும் ஃபோமும் உண்டு. உங்கள் கட்டைவிரல் ஏமாறுவது இந்த இரண்டாவது ரகத்திடம்தான்.

கடைக்காரர் சொல்லும் எண்ணையும் நம்ப வேண்டாம், சமையலறைத் தராசு போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 செ.மீ. வரும்படி ஒரு துண்டு வெட்டித் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் டென்சிட்டி. நான்காவது ஆளின் மெத்தையில் அமுங்காத ஓரத்திலிருந்து அப்படி ஒரு துண்டு எடுத்து நிறுத்தேன். 19 கிராம். பில்லில் 40 என்று இருந்தது. துண்டு தர மாட்டேன் என்றால் முழு மெத்தையை நிறுங்கள்: 190-க்கு 120, கனம் 10 செ.மீ., டென்சிட்டி 40 என்றால் 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். (சுண்ணாம்புத் தூள் கலந்து எடையைக் கூட்டும் வேலையும் எங்கள் தொழிலில் உண்டு. எடை கூடும், உழைப்பு கூடாது.)

தினமும் படுக்கப் போகிறீர்கள் என்றால் டென்சிட்டி 35-க்குக் குறையாத ஹெச்.ஆர். ஃபோம் (ஹை ரெசிலியன்ஸ், அமுக்கி விட்டால் சட்டென்று எழும்பும் ரகம்) எடுங்கள். கீழே 7 செ.மீ. கெட்டி, மேலே 3 அல்லது 4 செ.மீ. மென்மை, வேனில் தலை இடிக்காத உயரத்துக்கு இது சரியாக வரும். வாங்கும் முன் ஒருக்களித்துப் படுத்து கால் மணி நேரம் கிடங்கள். இடுப்பெலும்பில் பலகை தட்டினால் வேண்டாம். மெமரி ஃபோம் கேட்பவர்களுக்கு: அது உடல் சூட்டில் இளகுகிற சரக்கு. குளிர் இரவில் வண்டிக்குள் அதுவே விறைத்துப் போகும். ஆசையாக இருந்தால் மேலே மெல்லிய அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் காற்று போக வழி வேண்டும். உடம்பிலிருந்து வரும் ஈரம் ஃபோமுக்குள் இறங்கி, குளிர்ந்த ப்ளைவுட்டில் பட்டு நீராகிறது. மெத்தை அடி நனைகிறதே என்று இரண்டு முறை கூரைக்கு சீலன்ட் அடித்தவரை எனக்குத் தெரியும். கூரையில் ஒழுக்கே இல்லை. பலகையில் துளைகள் போடுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி விட்ட மரச்சட்டங்கள் வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் விரித்துவிடாதீர்கள், பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான் அது.

அப்புறம் வெட்டுவது. தெர்மாகோல் வெட்டும் சுடுகம்பியை இந்த ஃபோமில் வைக்கவே வைக்காதீர்கள். இது பாலியூரித்தேன். கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டும் இருக்கும், இரண்டும் விஷம். மூடிய வேனுக்குள் உட்கார்ந்து இப்படி வெட்டிவிட்டு, இருமிக்கொண்டே என்னிடம் வந்தார் ஒருவர். வெட்டு கோணலாகிவிட்டதாம், அதுதான் அவர் கவலை! ஒட்டுகிற ஸ்பிரே பசையும் தீப்பிடிக்கும், அதை வெளியே வைத்து அடியுங்கள். தயவுசெய்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஃபோமை வைக்காதீர்கள்.

இரட்டை பிளேடு மின்கத்தி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீள பிளேடு கட்டர் போதும், புது பிளேடாக இருக்கட்டும். ஃபோமை அமுக்கிப் பிடிக்காமல், மெல்ல மெல்லப் பல தடவை இழுங்கள். அமுக்கி வெட்டினால் கையை எடுத்ததும் ஓரம் உள்வாங்கியிருக்கும். உறையைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. கூடுதலாக விட்டால்தான் உறை சுருக்கமில்லாமல் நிற்கும். பல துண்டாக வெட்டினால் இணைப்பு இடுப்புக்கு நேராக வரக் கூடாது.

வேனின் சுவர் நேராக இருக்காது. மெத்தையின் அடிமட்டத்தில் ஓர் அட்டை, மேல்மட்டத்தில் ஓர் அட்டை என இரண்டு மாதிரி வெட்டி, ஃபோமின் இரண்டு முகத்திலும் கோடு போட்டுக்கொண்டு சரிவாக வெட்ட வேண்டும். அட்டையிலும் ஃபோமிலும் மேல், கீழ், தலைமாடு என்று பெரிதாக எழுதுங்கள். எழுதாமல் வெட்டி, சரிவு மறுபக்கம் போய், புது ஃபோம் ஒன்றை முழுசாகப் பாழாக்கியவன் நான். அதிலிருந்து வெட்டிய தலையணைகள் இரண்டு இன்னும் பட்டறையில் கிடக்கின்றன.