3டி படத்தில் தெரியாத வேலைகள்

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்துகொடுக்கும் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்பதுதான். கல்லூரி முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். சொந்த வீட்டை அழகாக வைத்திருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பாராட்டியதால், இதையே தொழிலாகச் செய்யலாமே என்று யோசிக்கும் இல்லத்தரசிகளும் கேட்கிறார்கள். சாஃப்ட்வேர் தேவைதான். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் இரண்டும் தெரிந்தால் நல்லது. ஆனால் அதோடு படிப்பு முடிந்துவிட்டதாக நினைத்து வேலை எடுப்பவர்களால் பாதிக்கப்பட்ட வீடுகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் நாட்டில் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் 1972-ம் ஆண்டின் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று பலகை மாட்ட அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. ஒரு வாரப் பயிற்சி, ஒரு சான்றிதழ், வீடு முடிந்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்த நாலு 3டி படங்கள் போதும். யாரும் தடுக்க மாட்டார்கள். வாடிக்கையாளரும் படத்தைப் பார்த்து மகிழ்ந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். வீட்டுக் கடன் தவணை போக மிச்சம் பிடித்த பணம் அது. அந்தப் பணத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டும் என்றால், படத்தில் வராத விஷயங்களைத்தான் முதலில் கற்க வேண்டும்.

முதலாவது, கேட்பது. டேப்பை எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் முதலில் எழுகிறார்கள், துணி எங்கே காய்கிறது, மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, பாட்டி தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவாரா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சுவார்த்தைக்கு வருவது பெரும்பாலும் வீட்டுக்காரரும் அவர் சேமித்து வைத்திருக்கும் படங்களும்தான். சமையல் செய்கிறவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்; கேட்டால் "அவங்க சொல்றபடியே செஞ்சிடுங்க" என்பார். அவரிடம் தனியாக, அவருடைய பழைய சமையலறையில் நின்றுகொண்டு பேச வேண்டும். அப்போதுதான் உண்மையான குறைகள் வெளியே வரும்.

சமையல் மேடை உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 34 அங்குலம் என்பது பழக்கத்தில் இருக்கும் அளவு. ஆனால் சமைப்பவரின் முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால்தான் தோள் வலிக்காது. அஞ்சடிக்கும் குறைவான உயரமுள்ள அம்மாவுக்கும் ஆறடி உயரமுள்ள மகனுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? தினமும் யார் சமைக்கிறாரோ அவரை நிற்கவைத்து அளக்க வேண்டும். அப்புறம் கிரைண்டர். மாவரைக்காத தமிழ் வீடு குறைவு. டேபிள்டாப் கிரைண்டர் பத்து கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதைக் கீழ் அலமாரிக்குள் ஒளித்துவைத்தால் படம் சுத்தமாக இருக்கும். வாராவாரம் குனிந்து தூக்கப்போவது யார்? மேடை மேலேயே வைத்தால் கிரைண்டரின் உயரமும் சேர்ந்து, மாவை வழித்தெடுக்கக் கை எட்டாது. அந்த இடத்தில் மட்டும் மேடையை அரை அடிக்கு மேல் இறக்கி, பக்கத்திலேயே பிளக் பாயிண்டும் கொடுத்தால் பிரச்சினை தீரும். இதை எந்த வெளிநாட்டு சமையலறைப் படத்திலும் பார்க்க முடியாது.

பூஜை அலமாரியும் அப்படித்தான். விளக்குக்கு மேலே ஒரு அடி உயரத்தில் மைக்கா (பலகை மேல் அழகுக்கு ஒட்டும் தாள்) ஒட்டிய தட்டு வைத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அது கருகிக் கொப்பளிக்கும். தீ பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. விளக்கு எரியும் இடத்துக்கு மேலே தட்டே வேண்டாம். பின்பக்கமும் அடியும் கல்லோ டைல்ஸோ ஆக இருக்கட்டும்.

அடுத்து அளவெடுப்பது. பில்டர் கொடுத்த பிளானை நம்பி வரையாதீர்கள். பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்தபின் அறையின் அளவு குறையும். சுவரின் அகலத்தைத் தரையை ஒட்டி ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மேலே ஒருமுறை எடுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் அது அபூர்வமான வீடு. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் மூலை நேராக இருக்காது. ரசமட்டம் வைத்தால் தரை ஒருபக்கம் சரிந்திருக்கும். இரண்டு நூல், அதாவது கால் அங்குல, வித்தியாசம்கூட கபோர்டு கதவில் வாய் பிளந்து தெரியும். பீம் எவ்வளவு கீழே இறங்குகிறது, ஜன்னல் அடிமட்டம் எங்கே, ஸ்விட்ச் போர்டு எங்கே என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் கதவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளங்கள். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் லிஃப்டுக்குள் போகாது. ஏழாவது மாடிக்கு அதைத் தோளில் சுமக்கும் தொழிலாளிக்கான கூலி யார் கணக்கு என்பது முதல் நாளே முடிவாக வேண்டிய விஷயம்.

படம் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு, பத்துக்குப் பத்து படுக்கையறை நல்ல உதாரணம். குயின் சைஸ் கட்டில் அஞ்சடிக்கு ஆறரை அடி. கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் இரண்டடி ஆழத்துக்கு வார்ட்ரோப் வைத்தால் மிச்சம் எட்டடி. கட்டில் ஆறரை போக ஒன்றரை அடிதான் நடக்க இருக்கிறது. அங்கே நின்று கதவைத் திறக்கவே முடியாது. ஆனால் சாஃப்ட்வேரில் கேமராவைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் வைத்து அகலமான கோணத்தில் எடுத்தால், அறை ஹால் மாதிரி தெரியும். வாடிக்கையாளர் அதைத்தான் நம்பிக் கையெழுத்துப் போடுகிறார். ஸ்லைடிங் கதவு போடலாமா, வார்ட்ரோப்பை வேறு சுவருக்கு மாற்றலாமா, கட்டிலைச் சிறிதாக்கலாமா என்று அப்போதே பேசுவதுதான் நம் வேலை. நடக்க மூன்றடி, சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி, சாப்பாட்டு நாற்காலியைப் பின்னே இழுக்க மூன்றடி. இந்த அளவுகளைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வீட்டுக்காரரையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காசு செலவில்லை.

பொருள் அறிவு கடையிலும் சைட்டிலும்தான் வரும். ப்ளைவுட்டில் பொது உபயோகத்துக்கு ஐஎஸ் 303, தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 என்று தரநிலைகள் இருக்கின்றன. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். இதை வாடிக்கையாளருக்கும் சொல்லிக்கொடுங்கள்; நம் மேல் நம்பிக்கைதான் கூடும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு. காய்ந்த அறையில், ஓரமெல்லாம் ஒழுங்காக பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டினால் தாங்கும். சென்னையில் தரைத்தளத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த வீடுகளில் அந்தப் பலகைகள் ஊறிப் பருத்து உதிர்ந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நம் பழைய வீடுகளில் சமையலறை அலமாரிகளைக் கடப்பா கல்லில்தான் கட்டினார்கள். கரையான் அரிக்காது, ஊறாது, கழுவலாம். இன்றும் சிங்க் அடியில் கடப்பா கல்லில் சட்டம் கட்டி, முன்னால் மட்டும் கதவு போடுவது நல்ல வழி. பார்க்க மாடுலர் கிச்சன் போலவே இருக்கும். கடற்கரைப் பக்கம் திருவான்மியூர், நீலாங்கரை என்றால் உப்புக்காற்றில் சாதாரணக் கீல்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல்தான் போட வேண்டும். விலை கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. கசிவு குறைந்த ஈ0, ஈ1 ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக் கொஞ்ச நாள் காற்றாடவிட்டுப் பிறகு குடியேறச் சொல்லுங்கள். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, பழைய எனாமல் பெயின்ட்டைச் சுரண்டும் தூசியில் ஈயம் இருக்கலாம் என்பதால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

கேஸ் சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சிலிண்டர் கண்ணில் படக்கூடாது என்று இறுக்கமான கபோர்டுக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். அந்தக் கபோர்டுக்குள் பிளக் பாயிண்டும் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போக ஜாலி (துளைகள் உள்ள தடுப்பு) கட்டாயம் வேண்டும். ரெகுலேட்டர் ஒரே எட்டில் கைக்கு வர வேண்டும். உள்ளே மின்சாரம் எதுவும் வேண்டாம். அழகு கெடும் என்று வாடிக்கையாளரே மறுத்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதேபோல ஃபால்ஸ் சீலிங்கில் ஃபேன் மாட்டும்போது கொக்கி கான்கிரீட்டில் பிடித்திருக்க வேண்டும், ஜிப்சம் போர்டில் அல்ல. சீலிங்கை மூடுமுன் ஒயரிங் ஓடும் பாதையை போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் துளை போடுபவர் உயிர் பிழைப்பார்.

வண்ணம், திரைச்சீலை, விளக்கு இவையெல்லாம் எல்லோரும் ஆசையாகக் கற்கும் பகுதி. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயின்ட் கார்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்துக் காலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். பல்பின் ஒளி நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; 3000 கெல்வின் மஞ்சள் ஒளி ஹாலுக்கு இதமாக இருக்கும். சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000 நல்லது. திரைச்சீலைத் துணி ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் மடிப்பு விழும். இன்னொன்று, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தேக்கு பீரோ, பித்தளை அண்டா, தாத்தாவின் சாய்வு நாற்காலி இவற்றை வெளியே தள்ளச் சொல்லாதீர்கள். அவற்றுக்கு இடம் கண்டுபிடிப்பதில்தான் அலங்காரம் செய்பவரின் திறமை தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

பண விஷயத்தில்தான் இந்தத் தொழிலின் பெயர் அதிகம் கெட்டிருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதிக் கொடுப்பது கொட்டேஷன் ஆகாது. முன்பக்கத்தை மட்டும் அளந்த சதுர அடியா, உள்தட்டுகளும் சேர்த்தா? பலகை எந்த ரகம், எத்தனை மில்லிமீட்டர், பின்பலகை எவ்வளவு, உள்ளே மைக்கா உண்டா, டிராயர் எத்தனை, கீல் எந்தக் கம்பெனி, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, எலக்ட்ரிக்கல் வேலையும் பெயின்ட்டிங்கும் யார் பொறுப்பு? அத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தை வேலை நகரும் கட்டங்களுக்கு ஏற்ப வாங்குங்கள். கடைக்காரர்கள் உங்களுக்கு கமிஷன் தர வருவார்கள். வாங்குவதானால் வாடிக்கையாளருக்குத் தெரிந்து வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது: ஒரு வீட்டு அட்வான்ஸை எடுத்து இன்னொரு வீட்டு ப்ளைவுட் பாக்கிக்குக் கட்டுவது. ஆரம்பத்தில் சமாளித்துவிடலாம் போலத் தோன்றும். மூன்றாவது வீடு தாமதமானதும் மொத்தமும் சரியும். ஆசாரி கூலி வராமல் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்புவார், வாடிக்கையாளர் போன் மேல் போன் போடுவார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் மேல் வழக்குப் போட அவருக்கு உரிமையும் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நோட்டு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. சிரமம்தான், ஆனால் இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எங்கே கற்பது? பட்டப்படிப்புக்கு வசதி இருந்தால் படியுங்கள். டிப்ளமோ என்றால் சேருமுன், எத்தனை நாள் சைட்டுக்கு அழைத்துப்போவீர்கள், அளவெடுக்க விடுவீர்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். அதற்குப் பிறகும் சில மாதங்களாவது அனுபவமுள்ள ஆசாரியோடு சைட்டில் நில்லுங்கள். அவர் ஏன் அந்த இடத்தில் இணைப்பை மாற்றினார் என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார். முதல் சம்பள வேலையாக ஒரு வார்ட்ரோப் அல்லது ஒரு சமையலறை எடுங்கள். மூன்று படுக்கையறை ஃபிளாட் முழுவதையும் ஏற்காதீர்கள்.

வேலையை ஒப்படைத்த வீட்டுக்கு முதல் மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் ஒருமுறை போய் வாருங்கள். சிங்க் அடி, பாத்ரூம் சுவரை ஒட்டிய கபோர்டு, வெளிச்சுவரை ஒட்டிய வார்ட்ரோப்பின் பின்புறம் இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவு உரசினால் கீலின் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துவிடலாம். பின்பலகை கறுத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. பிளம்பரை வரவழைத்து அதை நிறுத்திய பிறகுதான் பலகையை மாற்ற வேண்டும்.