பேய்க்குப் பழகும் மூளை

திருநெல்வேலிச் சீமையில் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் குற்றாலம்தான். ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைப் பக்கமாகச் சாரலை இறைக்கத் தொடங்கியதும், அருவியில் நனைந்துவிட்டு ஈரத் துண்டோடு பேருந்து ஏறுகிறவர்களில் பலர் சொல்லும் தீர்ப்பு, “போன வருசம் மாதிரி இல்ல” என்பதாகவே இருக்கும். போன வருடமும் அவர்கள் இதையேதான் சொன்னார்கள். தொலைக்காட்சித் தொடர்களின் இரண்டாம் சீசனைப் பார்த்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே வாக்கியம் என்பதால், இரண்டுக்கும் பின்னால் மூளையின் ஒரே கணக்கு ஓடுகிறதோ என்ற ஐயம் எனக்கு வெகுநாளாக உண்டு.

எடுத்துக்காட்டாக ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஹாக்கின்ஸ் என்னும் கற்பனைச் சிற்றூரில், 1983ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சிறுவன் காணாமல் போவதில் தொடங்கும் கதை அது. அதன் முதல் சீசன் எட்டு பகுதிகளாக 2016 ஜூலை 15 அன்றும், 1984ஆம் ஆண்டின் அக்டோபர் இறுதியில் தொடங்கும் இரண்டாம் சீசன் ஒன்பது பகுதிகளாக 2017 அக்டோபர் 27 அன்றும் நெட்ஃபிளிக்ஸில் வெளியாயின. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் அந்த இரண்டாம் சீசனை என் அண்ணன் மகனோடு உட்கார்ந்து பார்த்தபோது, மூன்றாம் பகுதி முடிவதற்குள் அவன், “சித்தப்பா, மொத தடவ மாதிரி பயமே இல்லல்லா” என்றான். ஆனால் அவன் எழுந்து போகவில்லை. ஒன்பதையும் பார்த்து முடித்தான். கடைசிப் பகுதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். பயம் குறைந்துவிட்டது என்று குறைசொல்பவன் கண் கலங்குவது எப்படி என்பதே விளக்க வேண்டிய செய்தி.

முதலில் எதிர்பார்ப்பின் இயக்கத்தைப் பார்ப்போம். நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது அந்தச் செல்கள் வேகமாகத் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகோ, விளக்கு எரிந்தபோதே அவை துடித்தன. சாறு வந்தபோது புதிய துடிப்பு ஏதுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997இல் பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து ஷுல்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை, இதை ‘எதிர்பார்ப்புப் பிழை’ என்னும் கணக்காக வடித்துக் காட்டியது: வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் கிடைக்கும் மிச்சத்தையே அந்தச் செல்கள் அறிவிக்கின்றன. நம் ஊரில் பங்குனி, சித்திரை மாதங்களில் பதநீர்க்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்ட மாத்திரத்தில் மகிழ்ச்சி பிறந்துவிடுவதும், அவர் நம் வீட்டுக்கு வருமுன் குடம் காலியாகிவிட்டால், மணியே கேட்காத நாளைவிட மனம் சோர்ந்துபோவதும் இந்தக் கணக்கின்படியே.

முதல் சீசன் யாரும் எதிர்பாராத பதநீர். 2016 ஜூலையில் அந்தத் தொடரைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்த்தவர்கள் இல்லை. ஆகவே வந்ததெல்லாம் லாபம். இரண்டாம் சீசனுக்கோ, தொடக்கத்தில் ஒலிக்கும் சிந்தசைசர் இசையே சைக்கிள் மணியாகிவிட்டது. அந்த இசையிலேயே மகிழ்ச்சியின் பெரும்பங்கு செலவாகிவிட, கதை அதற்கு ஈடுகொடுத்தால் ‘பரவாயில்லை’ என்ற பெயரும், சற்றுக் குறைந்தால் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற பெயரும் கிடைக்கின்றன.

இந்த ஏமாற்றத்தில் படைப்பாளிகளின் குற்றம் சிறிதும் இல்லாத ஒரு பகுதியும் உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் விளைகிறது. ஒரு வயல் காரில் என்றுமில்லாத கண்டுமுதல் கொடுத்திருந்தால், விதை, மண், உழைப்பு ஆகியவற்றோடு மழையும் பூச்சியும் அந்த முறை சாதகமாக அமைந்தன என்று பொருள். அதே அதிர்ஷ்டம் அடுத்த பூவிலும் முழுதாகத் திரும்பி வருவது அரிது. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரமாகவும், பெற்றோரைவிடச் சற்றுக் குறைவாகவும் இருப்பதை 1886இல் பிரான்சிஸ் கால்டன் அளந்து காட்டியபோது வெளிப்பட்டது இந்த விதியே. புள்ளியியலில் இதற்குச் ‘சராசரி நோக்கிய பின்னடைவு’ என்று பெயர். முதல் சீசனில் தோற்ற தொடர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் சீசன் கிடையாது. அமோகமாக விளைந்த வயலில் மட்டுமே மறுபடி நட்டுவிட்டு, மகசூல் குறைந்துவிட்டது என்று நாம் வருந்துகிறோம்.

இனி பயத்துக்கு வருவோம். திரையில் ஒரு நிழல் சட்டென்று அசையும்போது, அந்தச் செய்தி, புலன்செய்திகளை வாங்கி அனுப்பும் தலாமஸ் என்னும் மூளைப் பகுதியிலிருந்து, ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் அமிக்டலா என்னும் பகுதியை இரண்டு வழிகளில் சேரக்கூடும் என்பது ஜோசப் லெடூவின் ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்ட விளக்கம். ஒன்று குறுக்கு வழி: அதில் விவரம் குறைவு, வேகம் அதிகம். மற்றது மூளையின் மேலடுக்கான புறணி வழியாகச் சுற்றி வரும் வழி: ‘இது படம்தான், நீ இருப்பது பாளையங்கோட்டையில்’ என்ற தகவல் அதில்தான் வருகிறது. முதற்செய்தி வந்த கணத்திலேயே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மயிர்க்கால்களின் அடியிலுள்ள நுண்தசைகள் சுருங்கிப் புல்லரிக்கிறது. இரண்டாவது செய்தி வந்ததும் உடல் மெல்ல அடங்குகிறது.

இந்த அலாரத்துக்கு ஒரு பண்பு உண்டு: தீங்கு விளைவிக்காத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அது அடங்கிவிடும். எரிக் கேண்டல் அப்ளிசியா என்னும் கடல் நத்தையை மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தார். முதலில் சடாரென்று உள்ளிழுத்த செவுளை, அது போகப்போக ஏனோதானோவென்று அசைத்தது. உணர்வு நரம்பு இயக்க நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைந்துபோனதே காரணம் என்று அவர் குழு கண்டது. நினைவின் அடிப்படை குறித்த இத்தகைய ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. கடல் நத்தைக்கே பழகிப்போகும் என்றால், எட்டு பகுதிகள் முழுக்க முகமற்ற ஒரு மிருகத்தைப் பார்த்துத் தேறிய மனிதனுக்கு அதன் இனத்தாரைப் பார்த்துப் பயம் எங்கிருந்து வரும்?

படைப்பாளிகள் இதை அறியாதவர்கள் அல்லர். முதல் சீசனில் ஒற்றை மிருகம். இரண்டாம் சீசனில் நாய்போல் நாலுகாலில் ஓடும் ஒரு கூட்டமும், வானளாவி நிற்கும் நிழலுருவம் ஒன்றும். அளவைக் கூட்டினால் பயம் கூடும் என்ற இந்தக் கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது. எர்ன்ஸ்ட் வேபர் 1834இலும், குஸ்டாவ் ஃபெக்னர் 1860இலும் விளக்கியபடி, ஒரு மாற்றத்தை நாம் உணர்வதற்கு அது ஏற்கெனவே உள்ளதற்கு ஏற்ற விகிதத்தில் இருந்தாக வேண்டும். கும்மிருட்டில் ஒரு தீப்பந்தத்தோடு இன்னொன்று சேர்ந்தால் கண் உடனே அறியும். ஐம்பது பந்தங்கள் எரியும் கோயில் முற்றத்தில் ஐம்பத்தொன்றாவதை ஏற்றியவருக்கு மட்டுமே அது தெரியும். வெளிச்சத்துக்குச் சொன்ன விதி அச்சத்துக்கு அச்சடித்தாற்போல் பொருந்தாது என்றாலும், போக்கு இதுவேதான். போதாக்குறைக்கு ஒன்பது பகுதிகளும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடுகின்றன. பழகி மழுங்கிய எதிர்வினை, தூண்டல் நின்று சிறிது காலம் கழிந்தால் தானாகவே கூர்மை பெறும். வாரம் ஒரு பகுதி என்று பார்த்த நாட்களில் ஏழு நாள் ஓய்வு அந்த வேலையைச் செய்தது. ஒரே இரவில் ஒன்பதையும் முடிப்பவர், தன் அமிக்டலாவுக்கு மூச்சு வாங்கவும் நேரம் கொடுப்பதில்லை.

பயத்தின் கதை இவ்வளவுதான். கண்ணீரின் கதை வேறு. ‘பேயோடாயினும் பிரிவு அரிது’ என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததை, உளவியல் வேறு பெயரில் சொல்கிறது. அடிக்கடி கண்ணில் படும் ஒன்றின்மேல், வேறு காரணமே இல்லாமல் விருப்பம் வளர்வதை ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் சோதனைகளால் காட்டினார். திரையில் வருபவரோடு, அவர் நம்மை அறியாதபோதும், நாம் ஒருதலையாக உறவு கொண்டாடுவதைப் பற்றி ஹார்ட்டனும் வோலும் 1956லேயே எழுதியிருந்தார்கள். முதல் சீசனில் கொஞ்ச நேரமே வந்து இறந்துபோன பார்ப் என்ற பெண்ணுக்கு நியாயம் வேண்டுமென்று பார்வையாளர்கள் எழுப்பிய குரலும், இரண்டாம் சீசனில் அவளுடைய மரணம் கதையின் ஓர் இழையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டதும் இந்த உறவின் வலிமைக்குச் சான்று. முதலில் திமிர்பிடித்தவனாக அறிமுகமான ஸ்டீவ், பல்லில்லாச் சிரிப்புச் சிறுவன் டஸ்டினுக்கு அண்ணன்போல் ஆவது எல்லோரையும் கவர்ந்ததற்கும் காரணம் இதுவே. ஆக, ஒரே பழக்கம் பேயின் பக்கம் பயத்தைக் குறைக்கிறது, மனிதர்களின் பக்கம் பிரியத்தைக் கூட்டுகிறது. பேயின் பக்கத்தைப் பார்த்தவர் இரண்டாம் சீசனைக் குறைசொல்கிறார். மனிதர்களின் பக்கத்தைப் பார்த்தவர் புகழ்கிறார். என் அண்ணன் மகன் இரண்டையும் செய்தான்.

பழைய காலத்து ஏக்கத்தையும் இதே தராசில் நிறுக்கலாம். ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688இல் ஆக்கிய யோஹான்னஸ் ஹோஃபர் ஒரு மருத்துவ மாணவர். வீட்டைவிட்டுத் தொலைவில் இருப்போரை வாட்டிய நோய்க்கு அவர் வைத்த பெயர் அது. இன்று அதை யாரும் நோயாகக் கருதுவதில்லை. சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வில்ட்ஷுட், செடிகிடிஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய நினைவுகளின் மையத்தில் பெரும்பாலும் நாமும் நமக்கு நெருங்கியவர்களும் இருக்கிறோம்; பொருள்கள் வெறும் கொக்கிகள். அதனால்தான் அமெரிக்கச் சிறுவர்களின் வாக்கிடாக்கியைப் பார்க்கும் எனக்கு, இலங்கை ரூபவாஹினியைப் பிடிப்பதற்காக ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு மொட்டை மாடியில் நின்ற அண்ணனும், ‘தெரியுதா, தெரியுதா’ என்ற அவன் கூவலும் நினைவுக்கு வருகின்றன. 1984இல் பிறந்திராத அவன் மகனுக்கும் ஏன் அந்த ஏக்கம் வருகிறது என்று கேட்கலாம். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி பழுதுபட்டவர்கள் பழையதை நினைவுகூரத் தடுமாறுவதோடு, புதிய காட்சியொன்றைக் கற்பனை செய்யவும் திணறுவதை டெமிஸ் ஹசாபிஸும் எலினோர் மக்வாயரும் சக ஆய்வாளர்களும் 2007இல் காட்டினார்கள். நினைவுக்கும் கற்பனைக்கும் மூளையில் பட்டறை பொதுவாக இருப்பதால், வாழாத காலத்தையும் வாழ்ந்ததுபோல் உணர்வது விந்தையன்று.

ஆனால் இரண்டாம் சீசன் வரும்போது முதல் சீசனே ஒரு பழைய நினைவாகிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நினைவுகளில் கசப்பு இனிப்பைவிட விரைவாக வெளுக்கும் என்பது உளவியலாளர் பலமுறை கண்ட உண்மை. பதினைந்து மாத இடைவெளியில் முதல் சீசனின் தொய்வுகள் மறைந்து, நல்ல காட்சிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். நிகழ்கால அருவி போட்டியிடுவது, கூட்டமும் நெரிசலும் துடைக்கப்பட்ட போன வருடத்து அருவியோடு.

ஏழாம் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தொடரைப் பார்த்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஆறாம் பகுதி உச்சப் பதற்றத்தில் முடிய, அடுத்தது ஹாக்கின்ஸை அப்படியே விட்டுவிட்டு, லெவன் என்ற சிறுமியோடு சிகாகோவுக்குப் போய்விடுகிறது. இந்தச் சீசனில் மிக அதிகமாக வசைவாங்கியது இதுதான். அது தன்னளவில் அவ்வளவு மோசமான பகுதி அன்று என்பது என் கருத்து. ஒரு காட்சியில் கிளர்ந்த உடல் உடனே அடங்குவதில்லை என்றும், மிச்சமிருக்கும் கிளர்ச்சி அடுத்து வரும் உணர்ச்சியின் கணக்கில் சேர்ந்துவிடும் என்றும் டோல்ஃப் ஸில்மன் விளக்கியிருக்கிறார். துடிக்கும் இதயத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு முன்பின் அறியாத புது மனிதர்களைக் காட்டினால், சிறு சலிப்பும் பெருங்கோபமாகிவிடுகிறது. வில்லுப்பாட்டில் கதை நெருக்கடியான இடத்தில் நிற்கும்போது, ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பட்டியலை வாசிக்கத் தொடங்குகிறவர் மேல் ஊரே எரிச்சல் படுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வில்லுப்பாட்டைச் சொன்னதும் ஒரு முரண் எழுகிறது. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் பாடப்படுவது ஆண்டுதோறும் அதே கதை. அதற்கு இருபதாம் சீசன், முப்பதாம் சீசன் என்றெல்லாம் எண்ணிக்கை கிடையாது. அடுத்த வரி எதுவென்று கேட்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். பழகினால் மழுங்கும் என்ற விதிப்படி அங்கே யாருக்கும் மெய்சிலிர்க்கக் கூடாது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சாலிம்பூரும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. தங்களுக்கு மிகவும் பழக்கமான, புல்லரிக்க வைக்கும் இசையைக் கேட்டவர்களின் மூளையில், உச்சகட்டத்தில், இன்ப உணர்வோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியில் டோபமைன் வெளிப்பட்டது. அதற்குச் சில வினாடிகள் முன்னதாகவே, வரப்போவதை அறிந்த காடேட் பகுதியில் அது வெளிப்பட்டுவிட்டது. அச்சத்துக்குத் திடுக்கிடல் வேண்டும்; சிலிர்ப்புக்கு அது கட்டாயமில்லை, எங்கே வரும் என்று தெரிந்திருந்தாலும் போதும். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் குடத்தின் தாளம் இன்னும் வேகமெடுக்காத நேரத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தோள்துண்டை எடுத்து முன்கையை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். காற்று வீசியதோ இல்லையோ, புலவர் அடுத்த அடியை இன்னும் எடுத்திருக்க மாட்டார்.